பிள்ளைகளின் அப்பா இருக்கும் இடம் தெரியவில்லை: ஜீவனாம்ச வழக்குக்கு எந்த அரசு ஆவணத்தை யார் பார்க்கலாம்?

வேலந்தாவளம் ராணி (கேள்வி)

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் குடும்பஸ்ரீ (கேரளத்தின் மகளிர் சுய உதவி) குழுவில் இருக்கும் ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன். வயது 31, ஒன்பது வயதில் பெண், ஆறு வயதில் பையன். கணவர் ஆனைமலைக்காரர். ஒன்றரை வருடமாக வீட்டுக்கு வரவில்லை, பணமும் இல்லை, போன் நம்பரும் மாறிவிட்டது. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் லோடு வண்டி ஓட்டினார். இப்போது திருப்பூரில் இருப்பதாகப் பேச்சு. அவருடைய அம்மா ஆனைமலையில்தான் இருக்கிறார், கேட்டால் "எனக்குத் தெரியாது" என்கிறார்.

கையில் இருப்பவை: திருமணப் பதிவுச் சான்று, இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அவருடைய வாக்காளர் அட்டை, பான் அட்டை ஜெராக்ஸ், பைக் நம்பர். ரேஷன் கடை, ஆர்.டி.ஓ., பி.எஃப். ஆபீஸ் எங்கே கேட்டாலும் "தனிப்பட்ட தகவல், தர முடியாது" என்று ஒரே பதில்.

1. நாமாகவே பார்க்கக்கூடிய ஆவணங்கள் எவை?
2. கோர்ட் மூலமாக மட்டும் கிடைப்பவை எவை?
3. முகவரி இல்லாமல் வழக்குப் போட முடியுமா? பாலக்காட்டிலேயே போடலாமா?
4. 5,000 ரூபாய் கொடுத்தால் போன் டவர் லொக்கேஷன் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

கோர்ட் வாசல்

நாலாவதை முதலில் முடித்துவிடுவோம். எடுக்க வேண்டாம் அக்கா. டவர் தகவலைப் போலீஸ் அல்லது நீதிமன்றம்தான் சட்டப்படி கேட்டு வாங்க முடியும். காசு கொடுத்து வாங்குவது குற்றம். கணவரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பணம் பற்றிய வழக்கு வேறு திசையில் போய்விடும்.

மூன்றாவது: போடலாம், பாலக்காட்டிலேயே போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125வது பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144வது பிரிவு. எங்கே போடுவது என்பதை 145 சொல்கிறது: அவர் இருக்கும் மாவட்டம், அவரோ மனைவியோ குடியிருக்கும் மாவட்டம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து இருந்த மாவட்டம். இவர் குடியிருப்பது பாலக்காடு மாவட்டம், அது போதும். ஆனைமலைக்கோ திருப்பூருக்கோ அலைய வேண்டியதில்லை. மனுவில் முகவரி இடத்தைக் காலியாக விடாதீர்கள். "கடைசியாகத் தெரிந்த முகவரி" என்று ஆனைமலை வீட்டையும், கஞ்சிக்கோடு கம்பெனி முகவரியையும் சேர்த்தே எழுதுங்கள்.

வக்கீல் செலவு பற்றிப் பயம் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பாலக்காடு மாவட்டம் சித்தூரில் உள்ள தாலுக்கா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பெரும்பாலானவர்கள் தவறுவது வரிசையில்தான். முதலில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் வழக்குப் போடலாம் என்று காத்திருக்கிறார்கள். உண்மையில் வழக்கு நம்பர் இருந்தால்தான் பி.எஃப்., வருமான வரி, பேங்க், ஆர்.டி.ஓ. எல்லாம் வாய் திறக்கும். இன்னொன்று, ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேடிக்கொண்டே ஆறு மாதம் போனால் அந்த ஆறு மாதப் பணம் பிள்ளைகளுக்கு நஷ்டம்.

அதனால் இந்த வாரமே மனு. தேடுவது அதோடு கூடவே நடக்கட்டும்.

நகரி எல்லை

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் அம்மா. தேடுவதற்கு முன்னால் ஒரு தாளில் அவருடைய அடையாளங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர், தாலுகா, பழைய முகவரிகள் (எந்த வருடம் எங்கே), வாக்காளர் அட்டை எண், பான், வண்டி எண், பழைய போன் எண்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கை ஊர்கள். எல்லையோர ஊர்க்காரர்களுக்குப் பெயர்தான் பெரிய இடைஞ்சல். தமிழ்நாட்டு ஆவணத்தில் அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும், கேரளத்தில் வீட்டுப் பேர் இனிஷியலாக வரும், எங்கள் ஆந்திரப் பக்கம் இண்டி பேர் (குடும்பப் பெயர்) முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று பேர் மாதிரி தெரிவார். பழனிச்சாமி, பழனிசாமி, பளனிஸ்வாமி என்று ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் வருமோ அத்தனையையும் எழுதித் தேடுங்கள். பிறந்த தேதியும் அப்பா பெயரும் பொருந்தாத எதையும் அவர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். பெயர் மட்டும் பொருந்திய வேறொருவர் வீட்டுக்குச் சம்மன் போனால் வழக்கு பல மாதம் பின்னால் போகும்.

பொதுவில் பார்க்கக்கூடியவை:

வாக்காளர் பட்டியல். தேர்தல் ஆணையத் தளத்தில் அட்டை எண்ணைப் போட்டால் இப்போது எந்தத் தொகுதி, எந்தப் பாகம் என்று வரும். அந்தப் பாகத்தின் பட்டியலை இறக்கினால் வீட்டு எண்ணும், அதே வீட்டில் யார் யார் என்பதும் இருக்கும். ஆனைமலையிலிருந்து பெயர் நகர்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் துப்பு. நகராமல் அங்கேயே இருந்தாலும் பயன் உண்டு, அதைக் கோர்ட் வாசல் சொல்வார்.

இ-கோர்ட்ஸ் தளம். கட்சிக்காரர் பெயரைப் போட்டு, மாவட்டம், நீதிமன்ற வளாகம், வருடம் தேர்ந்தெடுத்துத் தேடலாம். டிரைவர் என்றால் விபத்து இழப்பீட்டு வழக்கு, செக் வழக்கு ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம். கோயம்புத்தூர், திருப்பூர், பாலக்காடு மூன்றிலும் பாருங்கள். வழக்கு கிடைத்தால் அதில் அவர் கொடுத்த முகவரி புதிதாக இருக்கும், வக்கீல் பெயரும் தெரியும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

பைக் நம்பர். எம்-பரிவாகன் செயலியில் உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும், முகவரி வராது. ஆனால் எந்த ஆர்.டி.ஓ.வில் இருக்கிறது, இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். இன்சூரன்ஸ் சமீபத்தில் கட்டியிருந்தால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம்.

சொந்தமாக வண்டியோ கடையோ வைத்து ஜி.எஸ்.டி. பதிவு எடுத்திருந்தால், ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைப் போட்டே தேடலாம். வியாபார இடத்தின் முகவரி அங்கே பொதுவில் இருக்கிறது.

நிலம். தமிழ்நாட்டில் சர்வே எண் அல்லது பட்டா எண் தெரிந்தால் சிட்டா பார்க்கலாம், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கமும் பார்க்கலாம். ஆனைமலை வீடு, தென்னந்தோப்பு அவர் பெயரிலா அம்மா பெயரிலா என்று பார்த்து வையுங்கள். அவர் சமீபத்தில் பாகம் எழுதிக் கொடுத்திருந்தால் வில்லங்கத்தில் பத்திர எண் வரும், அந்தப் பத்திரத்தின் நகலில் அன்றைய முகவரி இருக்கும். நகரி, சத்தியவேடு பக்கத்துக் குடும்பங்களுக்கு இதே வேலையை ஆந்திர அரசின் நிலப் பதிவுத் தளமான மீபூமியில் அடங்கலும் 1-பி படிவமும் வைத்துச் செய்யலாம்.

ஆதார் எண் தெரிந்தாலும் அதை வைத்து எந்தத் தளத்திலும் நுழைய முயலாதீர்கள். ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும், உஷாராகிவிடுவார். சட்டப்படியும் தவறு.

மனு எழுதுபவர்

தகவல் உரிமைச் சட்டம் பற்றிப் பழைய நம்பிக்கையோடு நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். முன்பு 8(1)(j) பிரிவில் "பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம்" என்ற வாசகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மனைவிமார் சிலர் கணவரின் சம்பள விவரம் வாங்கினார்கள். 2018-ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் மனைவிக்குக் கணவரின் சம்பளத்தைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று சொன்னது. ஆனால் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே திருத்தி, 2025 நவம்பரில் திருத்தம் அமலுக்கு வந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் "தனிப்பட்ட தகவல்" என்ற ஒரே காரணம்தான் நிற்கிறது. பொதுநலன் வாதத்தை 8(2)-ன் கீழ்தான் வைக்க வேண்டும். ஆகவே தனியார் கம்பெனி ஊழியர், டிரைவர், கூலி வேலை என்றால் இந்த வழியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கணவர் அரசு ஊழியராக இருந்தால் கதை வேறு. ஒவ்வோர் அலுவலகமும் ஊழியர் பட்டியலையும் மாதச் சம்பளத்தையும் தானாகவே வெளியிட வேண்டும் என்று 4(1)(b)-யின் 9, 10 ஆகிய உட்பிரிவுகள் சொல்கின்றன. "இன்னாரின் சம்பளம் என்ன, வீடு எங்கே" என்று கேட்டால் மறுப்பு வரும். "உங்கள் அலுவலகம் 4(1)(b)-யின்படி வெளியிட்ட ஊழியர் பட்டியல், ஊதியப் பட்டியல் நகல்" என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேரள அலுவலகங்களில் சித்தூர் தாலுக்கா போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம், திருப்பி அனுப்பினால் விடாதீர்கள்.

ஆதாருக்கு வழியே இல்லையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆதார் சட்டத்தின் 33வது பிரிவுப்படி உயர் நீதிமன்ற நீதிபதிக்குக் குறையாத நீதிமன்றம்தான் உத்தரவிட முடியும், அதுவும் அந்த எண்ணுக்குரியவரின் தரப்பையும் கேட்ட பிறகு. குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. ஜீவனாம்ச உத்தரவு வாங்கியும் கணவரைக் கண்டுபிடிக்க முடியாத ஒரு மனைவி கேட்ட வழக்கில், கல்யாண உறவு என்பதாலேயே ஒருவரின் அந்தரங்க உரிமை போய்விடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 2023-ல் சொன்னது. எதைப் பிடித்தாலும் ஆதாரைக் கடைசியில் பிடியுங்கள்.

வேலந்தாவளம் ராணி

ரொம்ப நன்றி. வாக்காளர் பட்டியலில் இன்னும் ஆனைமலை முகவரிதான் இருக்கிறது. இ-கோர்ட்ஸில் ஒன்றும் வரவில்லை. ஏற்கெனவே அந்த முகவரிக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் ஒன்று திரும்பி வந்துவிட்டது. இனி கோர்ட் சம்மனும் திரும்பினால்?

கோர்ட் வாசல்

திரும்பி வந்த கவரைத் தூக்கிப் போடவில்லையே? அதன் மேல் தபால்காரர் எழுதியிருப்பதுதான் முக்கியம். "வாங்க மறுத்தார்" என்றால் சார்வு ஆன (உரியவருக்குச் சேர்ந்த) மாதிரியே எடுத்துக்கொள்வார்கள். "கதவு பூட்டியிருந்தது, அறிவிப்பு கொடுத்தும் வந்து வாங்கவில்லை" என்பதும் முகவரி சரி என்று காட்டினால் பெரும்பாலும் நமக்குச் சாதகம். "முகவரியில் இல்லை, போய்விட்டார்" என்றிருந்தால் சார்வு ஆகவில்லை. "முகவரி போதாது" என்றால் நம் பக்கத்துப் பிழை, கதவு எண், தெரு, பின்கோடு சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும்.

வாக்காளர் பட்டியல் பயன்படுவது இங்கேதான். ஆள் கிடைக்காதபோது, அவரோடு குடியிருக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் சம்மனைக் கொடுக்கலாம் என்கிறது அதே புதிய சட்டத்தின் 66வது பிரிவு. பழைய சட்டத்தில் ஆண் உறுப்பினரிடம் மட்டும்தான் கொடுக்க முடியும், புதிய சட்டத்தில் அம்மாவிடமும் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் 67-ன்படி வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். "அவன் இங்கே இல்லை" என்று அம்மா சொல்வார். அப்போது அதே வீட்டு எண்ணில் மகன் பெயர் உள்ள வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்தால், அவர் வேண்டுமென்றே சம்மனைத் தவிர்க்கிறார் என்று காட்ட முடியும். நீதிமன்றம் அப்படித் திருப்தி அடைந்தால்தான் 145-ன் கீழ் ஒருதலைப்பட்சமாக விசாரிக்கலாம். அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி அவர் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், தக்க காரணமும் காட்ட வேண்டும். அந்த மனுவோடு ஆளும் முகவரியும் கோர்ட்டுக்கு வந்துவிடும்.

எல்லை தாண்டும் சம்மன் 69வது பிரிவில் அங்குள்ள மாஜிஸ்திரேட் வழியாகப் போகும். மலையாளத்தில் போனால் பொள்ளாச்சிப் பக்கத்து ஸ்டேஷனில் யாரும் படிக்க முடியாமல் கிடக்கும். ஆங்கிலப் பிரதியாகக் கேளுங்கள், வாய்தாவுக்கு நாள் நிறைய விட்டு வாங்குங்கள், கூடவே தபாலிலும் அனுப்ப அனுமதி கேளுங்கள். இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எண்ணிக்கை சார்விலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் சார்வு தேதியைக் கோட்டை விடாதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. ஆவணங்களை வரவழைக்க 94வது பிரிவில் மனு. "எதிர்மனுதாரர் சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் தள்ளுபடிதான். எந்த அலுவலகம், எந்தப் பதிவு, எந்த அடையாள எண், எந்தக் காலம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் விஷயத்தில்:

பி.எஃப்.: பான், பிறந்த தேதி, கஞ்சிக்கோடு கம்பெனி பெயர் கொடுத்து, "இவருடைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர்) எண்ணில் இப்போது பணம் கட்டும் நிறுவனத்தின் பெயர், முகவரி, கடைசியாகப் பணம் கட்டிய மாதம்." முதலில் இந்த மூன்று போதும். திருப்பூர் கம்பெனியில் பி.எஃப். பிடித்தால் ஆள் எங்கே என்று இதிலேயே தெரிந்துவிடும். பி.எஃப். பணத்தையே ஜப்தி செய்யக் கேட்காதீர்கள், அதற்கு பி.எஃப். சட்டத்திலேயே தடை.

வருமான வரி: பான் எண்ணுக்குரிய ஆண்டுத் தகவல் அறிக்கை, கடைசி இரண்டு வருடம். யார் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடித்தார்கள், எந்தப் பேங்கில் வட்டி வந்தது என்பது அதில் இருக்கும்.

ஆர்.டி.ஓ.: பைக், ஓட்டுநர் உரிமம் இரண்டின் தற்போதைய முகவரி, கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி பெயர். டிரைவர் வேலை செய்பவருக்கு உரிமம் புதுப்பித்தாக வேண்டும், அதனால் இந்தப் பதிவு பழையதாகக் கிடக்காது.

பேங்க்: கணக்கின் கே.ஒய்.சி. முகவரி, ஒரு வருட ஸ்டேட்மெண்ட். வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டத்தின்படி கோர்ட் உத்தரவு இல்லாமல் பேங்க் தராது. எந்த ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கிறார் என்பது ஸ்டேட்மெண்டில் தெரியும், ஊர் அங்கேயே வந்துவிடும்.

இப்படி வரும் தகவல் வழக்குக்கு மட்டும்தான். குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

அவர் ஆஜரான பிறகு நீங்கள் தேட வேண்டியது பாதியாகக் குறையும். ரஜ்னேஷ் தீர்ப்புப்படி இரண்டு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், அவருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கலாம். உங்கள் குழுவின் அந்தப் பெண்ணும் தன் பத்திரத்தை உண்மையாக நிரப்ப வேண்டும். குடும்பஸ்ரீ வருமானம், பசு, தையல் எதையும் மறைக்கக் கூடாது. சின்னதை மறைத்து மாட்டிக்கொண்டால் பெரியதையும் நம்ப மாட்டார்கள்.

மனு எழுதுபவர்

கோர்ட் வாசல் சொன்னதோடு ஒன்று. அடி உதை, மிரட்டல், செலவுக்குக் கொடுக்காமல் விட்டது இவையும் இருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் மனு போடலாம். பாதுகாப்பு அதிகாரி அதற்கு உதவ வேண்டும், செலவு இல்லை. 20(6) பிரிவில் முதலாளியே சம்பளத்திலிருந்து பிடித்து நேராக மனைவிக்கோ கோர்ட்டுக்கோ கட்ட உத்தரவிடலாம். வேலை மாறிக்கொண்டே இருக்கும் டிரைவருக்கு, வேலை தெரிந்த உடனே இதைக் கேட்பது நல்லது. அவர் வந்து தொந்தரவு செய்வார் என்ற பயம் இருந்தால் அதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் முதலிலேயே எழுதிக் கொடுங்கள். மனுவில் போகும் முகவரி அவர் கைக்கும் போகும்.

தென்மலை வாசி

வளைகுடா, அமெரிக்கா போனவர்கள் பற்றியும் இங்கே கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோர்ட் சம்மனோ வாரண்டோ பிறப்பித்திருந்தால், பாஸ்போர்ட் சட்டத்தின் 10(3)(h) பிரிவில் பாஸ்போர்ட்டை முடக்கக் கேட்கலாம். சம்மன் நகலோடு மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எழுதுங்கள், பாஸ்போர்ட் எண் இருந்தால் வேலை சுலபம்.

அமெரிக்காவில் இதற்கென்றே மத்திய அரசின் பெற்றோர் இருப்பிடச் சேவை உண்டு. புதிதாக ஆள் எடுக்கும் ஒவ்வொரு முதலாளியும் 20 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் அப்பாவைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் அங்கேயும் தாய் நேராகப் பார்க்க முடியாது. மாநிலத்தின் குழந்தை ஆதரவு முகமையோ நீதிமன்றமோ கேட்டால்தான் தருவார்கள், குடும்ப வன்முறைக் குறிப்பு இருந்தால் முகவரி வெளியே போகாது. 2007-ஆம் ஆண்டு ஹேக் குழந்தை ஆதரவு உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் இங்கிருந்து அரசு வழியாகக் கேட்க முடியாது, அவர் வேலை செய்யும் மாநிலத்தின் முகமைக்குத் தாய் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டு விண்ணப்பத்தை ஏற்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

வேலந்தாவளம் ராணி

திங்கட்கிழமை சித்தூருக்கு அழைத்துப் போகிறேன். கடைசியாக ஒன்று: உத்தரவு கிடைத்து, அவர் திருப்பூரில் இருப்பது பிறகு தெரிந்தால், மறுபடி பாலக்காட்டுக்கே வர வேண்டுமா?

கோர்ட் வாசல்

வேண்டாம். உத்தரவின் நகலைக் கட்டணம் இல்லாமல் தருவார்கள். 147வது பிரிவுப்படி அவர் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டே அதை நிறைவேற்றலாம். ஆனால் ஒரு கெடு: பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வாரண்டுக்கு மனு போட்டாக வேண்டும். இரண்டு வருடப் பாக்கியைச் சேர்த்து வைத்துக் கேட்டால், ஒரு வருடத்துக்கு முந்தைய பாக்கிக்கு இந்த வாரண்டு கிடைக்காது. அதற்கு சிவில் டிக்ரி மாதிரி நிறைவேற்றக் கேட்கும் வழி உண்டு. அந்த வழியில் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருக்கு விட்டு மீதியைப் பிடிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கி மனு போடும்படி வக்கீலிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.